விசிறி அட்டை

ஜாய்ஸ் டீச்சரின் கையைப் பார்த்தாலே அவள் என்ன வேலை செய்கிறாள் என்று தெரிந்துவிடும். நகக்கண்ணில் எப்போதும் காய்ந்த பசை. வலது கட்டைவிரலில் கத்தரிக்கோல் அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன தடிப்பு. சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் ஓயாத தெரு ஒன்றில் அங்கன்வாடி நடத்துகிறாள். தறி ஓடுகிற இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி யானைப் பாட்டும் நிலாப் பாட்டும் பாடிப் பாடி, அவளுக்கு மெதுவாகப் பேசவே வராது. ஆனால் வீட்டுக்கு வந்தால் பேச்சே குறைவு. அங்கே பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவள் கண்டுகொண்டு வெகுகாலம் ஆகிறது.

பிள்ளைகளுக்கு மீனும் மயிலும் வெட்டிக் கொடுத்துப் பழகிய கை, டிசம்பர் பிறந்தால் வாழ்த்து அட்டை செய்ய உட்கார்ந்துவிடும். தறிக்கூடத்தில் கழித்துப்போட்ட சேலைக் கரைத் துண்டுகளைக் கேட்டு வாங்கி வருவாள். ஜரிகையைத் தனியாக, நூலைத் தனியாகப் பிரித்து, வெட்டி, மடித்து, ஒட்டி ஒவ்வொன்றாகச் செய்வாள். கடையில் விற்கிற அட்டை அதன் பக்கத்தில் நிற்க முடியாது. சபையில் ஒரு வீடு விடாமல் அந்த அட்டை போய்ச் சேரும். உள்ளே, 'கிறிஸ்து பிறப்பின் நல்வாழ்த்துகள். அன்புடன், ஜெபசிங் குடும்பத்தார்' என்று இருக்கும். அந்தக் 'குடும்பத்தார்' என்ற சொல்லுக்குள் ஜாய்ஸ் எங்கேயோ ஒரு மூலையில் இருக்கிறாள், பொறுமையாகத் தேடினால் கிடைப்பாள்.

ஜெபசிங் அவள் புருசன். தறிக்காரர்களுக்கு நூல் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட். நல்ல மனுசன் என்று ஊரில் பெயர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், ஞாயிற்றுக்கிழமை முதல் மணிக்கே கோயிலில் இருப்பார். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பந்தல் போடுவதிலிருந்து குழி வெட்ட ஆள் பிடிப்பது வரை முன்னால் நிற்பார். ஊருக்கு உழைக்கிற மனுசனைப் பற்றி வீட்டுக்காரி ஒரு குறை சொல்லிவிட முடியாது. சொன்னால் சொன்னவள்தான் பொல்லாதவள்.

அவருடைய அம்மா அன்னபாக்கியம் பக்கவாதத்தில் விழுந்து ஆறு வருசம் படுக்கையில் கிடந்தாள். இடது பக்கம் முழுவதும் உணர்ச்சியற்றுப் போய்விட்டது. அந்த இடது இடுப்பில்தான் படுக்கைப் புண் வந்தது, உள்ளங்கை அகலத்துக்கு. ஜாய்ஸ் விடிந்ததும் புண்ணைக் கழுவி மருந்து வைப்பாள். மாமியாரை வலது பக்கமாகப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டு அங்கன்வாடிக்கு ஓடுவாள். மத்தியானம் பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில், உதவிக்கு இருக்கிற ஆயாம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடி வந்து மறுபடி புரட்டுவாள். கரண்ட் போனால் பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசுவாள், புண்ணில் ஈ உட்காரக் கூடாது. ஜெபசிங் அறை வாசலில் நின்று, "அம்மா சாப்ட்டாளா?" என்று கேட்பார். உள்ளே வர மாட்டார், வாடை அவருக்கு ஆகாது. அதை ஒரு குற்றமாகச் சொல்ல வேண்டாம், சில பேருக்கு ஆகாதுதான்.

அம்மாவை அடக்கம் பண்ணிய அன்று கல்லறைத் தோட்டத்தில் நின்று ஜெபசிங் எல்லோருக்கும் நன்றி சொன்னார். வைத்தியம் பார்த்த டாக்டருக்கு நன்றி, ஆராதனை நடத்திய குருவானவருக்கு நன்றி, பாட்டுக்காரர்களுக்கு, ஆம்புலன்ஸ் டிரைவருக்கு, நேரத்துக்கு நாற்காலி கொண்டுவந்த பந்தல்காரருக்கு, மதுரையிலிருந்து அழுதுகொண்டே காரில் வந்து இறங்கிய அக்காமார் இரண்டு பேருக்கு. ஜாய்ஸ் கடைசிவரை காத்துக்கொண்டு நின்றாள். "யாரு பேரும் விட்டுப்போகலன்னு நம்புதேன்" என்று முடித்துக்கொண்டார்.

அதிலிருந்து ஜாய்ஸுக்கு ஒரே ஒரு ஆசை. "அம்மாவை நீதான் பாத்தே." இந்த ஒரு வார்த்தை, அவர் வாயால், ஒரே ஒரு தடவை. நகை இல்லை, சேலை இல்லை. கேட்டு வாங்குகிற சாமானாக இருந்தால் கேட்டே இருப்பாள். கேட்டு வாங்கினால் அதற்குள் ஒன்றும் இருக்காது என்பதால்தான் வாயை மூடிக்கொண்டு இரண்டு வருசம் இருந்தாள்.

இந்த நிலையில்தான் சபையில் 'தம்பதியர் தினம்' என்று அறிவித்தார்கள். புருசன் பெண்டாட்டி ஜோடியாகக் காலையில் வேனில் கிளம்பிப் போய், ஒரு தோப்பில் பகல் முழுக்க இருந்துவிட்டு, சாயங்காலம் திரும்ப வேண்டும். பாட்டு, விளையாட்டு, சாப்பாடு, ஐயரின் செய்தி எல்லாம் உண்டு. இந்தப் பக்கத்தில் சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள், அவர் மனைவி ஐயரம்மா. தோப்பு புளியங்குடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, குணசீலனுடையது. குணசீலனுக்கு எலுமிச்சை மண்டி. சபையில் பெரிய கை. சாமி ஒன்று என்றாலும் சபையில் கட்சி இரண்டு, அதில் ஒன்றுக்கு அவர்தான் தலை. அடுத்த மாதம் சேகரக் கமிட்டித் தேர்தல் வர இருந்தது. குணசீலன் கட்சியில் ஜெபசிங் நின்றார். சேகரக் கமிட்டி என்றால் சபையின் வரவு செலவு, பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டம் எல்லாவற்றுக்கும் பொறுப்பான பத்துப் பன்னிரண்டு பேர். அந்த நாற்காலிக்கு நடக்கிற அடிபிடியைப் பார்த்தால் பரலோகத்திலேயே இடம் குறைச்சல் என்று தோன்றும்.

"நாமளும் போவோம்" என்றார் ஜெபசிங்.

அவர் எதற்காகப் போகிறார் என்று ஜாய்ஸுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருசத்தில் கல்யாண வீடு, சாவு வீடு, ஆஸ்பத்திரி தவிர இரண்டு பேரும் சேர்ந்து எங்கும் போனது கிடையாது. ஒரே மகனும் ஓசூரில் வேலைக்குப் போய் அங்கேயே குடியும் குடித்தனமுமாகிவிட்டான். ஊதாச் சேலையை எடுத்து இஸ்திரி போட்டாள். பூக்கடைக்குப் போய்ப் பிச்சிப்பூ வாங்கினாள். கைப்பைக்குள் வழக்கம்போலச் சின்னக் கத்தரிக்கோலும் பசை டப்பாவும் கொஞ்சம் கரைத் துண்டும் கிடந்தன. அதை வெளியே எடுத்து வைக்கவில்லை.

வேனில் ஏறியதும் ஜெபசிங் முன்னால் போய்க் குணசீலன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தம்பதியர் தினத்துக்குப் போகிற வேனில் தம்பதியாக உட்கார்ந்தவர்கள் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி மட்டும்தான். ஜாய்ஸ் பின்னால் கிறிஸ்டில்டா பக்கத்தில் இடம் பிடித்தாள். கிறிஸ்டில்டா அவளுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள். அவள் புருசனும் குணசீலன் ஆள்தான், குணசீலன் சொல்லித்தான் அவனுக்குச் சபைப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது.

தோப்பு நன்றாகத்தான் இருந்தது. எலுமிச்சை காய்த்துக் கிடந்தது. பம்புசெட்டில் தண்ணீர் வந்து தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. தகரக் கொட்டகையில் நாற்காலி போட்டு மைக் கட்டியிருந்தார்கள். ஐயர் அரை மணி நேரம் பேசினார். புருசன்மார் பெண்டாட்டிகளிடம் அன்பாக இருக்க வேண்டும், பெண்டாட்டிகள் கீழ்ப்படிந்து இருக்க வேண்டும் என்றார். முதல் பாதிக்குப் புருசன்மார் தலையைக் குனிந்துகொண்டார்கள். இரண்டாம் பாதிக்கு நிமிர்ந்தார்கள். அப்புறம் கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடுகிற போட்டி நடந்தது. ஜாய்ஸ் ஓடினாள், பழம் விழுந்தது, வாய்விட்டுச் சிரித்தாள். அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவளே நினைத்துக்கொண்டாள்.

டீ முடிந்ததும் ஐயரம்மா மைக்கை வாங்கினாள். ஆளுக்கொரு சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா, பசை, மினுமினுப்புப் பொடி எல்லாம் பங்கு வைத்தார்கள்.

"கடையில வாங்குன அட்டை இன்னைக்குக் கிடையாது. வீட்டுக்காரர் வீட்டுக்காரம்மாவுக்கு, வீட்டுக்காரம்மா வீட்டுக்காரருக்கு. அவங்கவங்க கையால செய்யணும். உள்ள ரெண்டு வரி எழுதினா போதும். ஆனா இத்தனை வருசத்துல நீங்க சொல்லாம விட்டுப்போனதா அது இருக்கணும். எழுதுனதை அவங்கவங்களே முன்னால வந்து வாசிக்கணும்" என்றாள்.

சொல்லாமல் விட்டுப்போனது. அந்த வார்த்தையைக் கேட்டதும் ஜாய்ஸ் ஜெபசிங் முகத்தைத்தான் பார்த்தாள். அவர் சார்ட் அட்டையைக் குறுக்கே மடித்தார், மடிப்புக் கோணியது, மறுபடி மடித்தார். "நமக்கு இதெல்லாம் வராது வே" என்று பக்கத்து ஆளிடம் சிரித்தார். சிரிக்கட்டும், கோணலாகவே இருக்கட்டும், ஒரு வரி எழுதினால் போதும் என்று ஜாய்ஸ் நினைத்தாள். அப்போது பம்புசெட் பக்கத்திலிருந்து குணசீலன் கை காட்டிக் கூப்பிட்டார். ஜெபசிங் அட்டையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்.

"ஏட்டி, என்னுதையும் நீயே செஞ்சிரு. உனக்கென்ன, அஞ்சு நிமிச வேலை."

"அவங்கவங்க கையாலன்னு சொல்லுதாங்கள்லா?"

"யாரு பாக்கப் போறா? அண்ணாச்சி கூப்பிடுதாரு, ஓட்டு விசயம்."

"உள்ள எழுதணுமே. நீங்க எனக்குச் சொல்லாம விட்டது எது, எனக்கு எப்படித் தெரியும்?"

"நல்லதா நாலு வார்த்தை எழுது. மீட்டிங்ல பேசுறதுக்கு எழுதித் தருவேல்லா, அது மாதிரி" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கிறிஸ்டில்டா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "யக்கா, ரெண்டும் உங்க தலையிலயா?" என்றாள்.

"எனக்கு ரெண்டு கை இருக்குல்லா" என்று ஜாய்ஸ் சொன்னாள்.

இரண்டில் எதை முதலில் செய்வது? தன் புருசனுக்குக் கொடுக்க வேண்டியதை ஒருமுறை மடித்து ஓரமாக வைத்தாள். தனக்கு வர வேண்டியதைக் கையில் எடுத்தாள். பசித்தவள் முதலில் தன் இலையைப் பார்ப்பதில் தப்பில்லை.

என்ன செய்யலாம் என்று அவள் யோசிக்கவே இல்லை. கை தானாக அட்டையை மடிக்க ஆரம்பித்தது. குறுக்கே சின்னச் சின்ன மடிப்பு, ஒன்றின் மேல் ஒன்று. ஒவ்வொரு மடிப்பின் விளிம்பிலும் ஜரிகைக் கரையை இழை இழையாக ஒட்டினாள். எலுமிச்சை இலையைப் பறித்து, அதன் முதுகில் பச்சை மையைத் தடவி, மடிப்புகளில் ஒற்றி எடுத்தாள். நரம்பு நரம்பாக இலை பதிந்தது. அட்டையைத் திறந்தால் உள்ளேயிருந்து ஒரு விசிறி எழுந்து விரியும்படி அடியில் நூல் கட்டினாள். ஆறு வருசம் பிடித்த விசிறி. கடைசி மடிப்பு ஒட்டுகிறபோதுதான் அது அவளுக்கே தெரிந்தது.

உள்ளே எழுத வேண்டும். 'என் அன்பு மனைவிக்கு' என்று எழுதினாள். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. அதன் மேல் ஒரு துண்டு காகிதத்தை ஒட்டி மறைத்தாள். அப்புறம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. எழுதியதை அவர்தானே வாசிக்க வேண்டும், அத்தனை பேர் முன்னால், மைக்கில். எழுதுகிறது என் கையாக இருக்கட்டும், வருகிறது அவர் வாயால்தானே வரும். வாயால் வந்தால் அவர் காதிலேயே விழும். காதில் விழுந்தால் எங்கேயாவது தைக்காமலா போகும்? இப்படி ஒரு கணக்குப் போட்டாள். புத்திசாலிகள் போடுகிற கணக்கு இல்லை, ஏங்கிப்போனவர்கள் போடுகிற கணக்கு.

எழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, அவர் எழுத்து மாதிரி எழுதினாள்:

'ஜாய்ஸ், அம்மா கிடந்த ஆறு வருசமும் அவள் இடுப்புப் புண்ணைக் கழுவியது நீ. ஈ உட்காராமல் விசிறியது நீ. அடக்கத்தன்று எல்லாருக்கும் நன்றி சொன்னேன், உனக்குச் சொல்லவில்லை. அம்மாவை நீதான் பாத்தே.'

எழுதி முடித்து மை காயட்டும் என்று ஊதிக்கொண்டிருக்கையில் ஐயரம்மா மணி அடித்துவிட்டாள். ஜாய்ஸ் திடுக்கிட்டுப் பக்கத்தில் பார்த்தாள். புருசனுக்குக் கொடுக்க வேண்டிய அட்டை மடித்தது மடித்தபடி வெள்ளையாகக் கிடந்தது. ஜெபசிங் அவசரமாக வந்து, செய்து வைத்திருந்ததை வாங்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போனார். திறந்து பார்க்கக்கூட இல்லை.

ஒவ்வொரு ஜோடியாக வாசித்தார்கள். ஒருத்தர், "இனிமே குழம்புல உப்புக் குறைஞ்சா வெளிய சொல்ல மாட்டேன்" என்று எழுதியிருந்தார். அவர் மனைவி, "உப்பு வேணும்னுதான் குறைச்சேன், உங்களுக்குப் பிரஷர்" என்று எழுதியிருந்தாள். கொட்டகை சிரித்தது. புதுசாகக் கல்யாணமான பையன் வெட்கத்தில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஜெபசிங் முறை வந்தது. அட்டையைத் திறந்தார். விசிறி விரிந்து எழுந்தது. கொட்டகை முழுவதும் ஒரு ஆச்சரியக் குரல் எழுந்து அடங்கியது. அவரும் ஆச்சரியப்பட்டார், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. வாசிக்க ஆரம்பித்தார். முதல் வரி போயிற்று, இரண்டாவது வரி போயிற்று. 'அடக்கத்தன்று' என்ற இடத்தில் நின்றார். பின்வரிசையில் ஜாய்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தைத்துவிட்டது என்று நினைத்தாள். சேலை நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஜெபசிங் தலையை நிமிர்த்திக் கூட்டத்தைப் பார்த்தார். முன்வரிசைப் பெண்கள் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எத்தனை மேடை பார்த்த மனுசன், அவருக்கு அது புரியாதா? குரலைத் தாழ்த்தினார். மீதியை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "அம்மாவை... நீதான் பாத்தே." அட்டையை மூடினார். அதோடு விட்டிருக்கலாம்.

"இதுல எழுத இடமில்லாம விட்டதையும் சொல்லிருதேன்" என்றார். "அம்மா வலியில முனகும்போது நான் ஒரு பக்கம், இவ ஒரு பக்கம் உக்காந்திருப்போம். இவ கழுவுவா, நான் தாங்கிப் பிடிப்பேன். அந்தப் புண்ணை இப்ப நினைச்சாலும் எனக்குச் சோறு இறங்காது." கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றினார்.

கைதட்டல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. ஐயர் எழுந்து வந்து அவரைத் தழுவிக்கொண்டார். "இதுதான் சாட்சி" என்றார். ஜாய்ஸ் எதிர்பார்த்த வார்த்தை வந்துவிட்டது. எழுதிய எழுத்து மாறாமல் வந்தது. அது வந்தபோது அவள் பக்கம் அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை, ஓட்டுப் போடப்போகிறவர்களைப் பார்த்துத்தான் சொன்னார். பட்ட பாட்டிலும் இப்போது அவருக்குப் பாதிப் பங்கு ஆகிவிட்டது. ஜாய்ஸுக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் சேர்ந்து வந்தது. அதைப் பார்த்தவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"இப்ப ஜாய்ஸ் டீச்சர், உங்களோடது" என்றாள் ஐயரம்மா.

அவள் முன்னால் போனாள். கையில் வெள்ளை அட்டை. ஐயரம்மா வாங்கித் திறந்தாள், பின்பக்கம் திருப்பினாள், மறுபடி திறந்தாள். "ஒண்ணுமே இல்லையே டீச்சர்?"

"நேரம் பத்தல" என்றாள் ஜாய்ஸ்.

யாரோ ஒருத்தர் பின்னாலிருந்து, "ஊர்ப்பிள்ளைக்கெல்லாம் அட்டை வெட்டுத டீச்சருக்கு வீட்டுக்காரருக்கு வெட்ட மனசு வரல" என்றார். சிரிப்பு எழுந்தது. இன்னொரு பெண், "நமக்கெல்லாம் இப்படி ஒரு வீட்டுக்காரர் வாய்க்கலையே" என்று பெருமூச்சு விட்டாள். ஜாய்ஸ் கிறிஸ்டில்டாவைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மடிப்பையும் பார்த்தவள். கிறிஸ்டில்டா தன் அட்டையில் ஒட்டாத மினுமினுப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவளையும் சொல்லிக் குற்றமில்லை, புருசன் வேலை குணசீலன் கையில் இருக்கிறது. பிறகு ஜாய்ஸ் தன் புருசனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். "ரெண்டும் அவ செஞ்சதுதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால்கூடப் போதும், யாரும் அவரைத் தூக்கில் போடப் போவதில்லை.

ஜெபசிங் எழுந்து நின்றார். "விட்டுருங்க ஐயரம்மா. அவ எனக்குத் தர வேண்டியதெல்லாம் எங்கம்மாவுக்கே தந்துட்டா" என்றார்.

இதற்கு முன்னதை விடப் பெரிய கைதட்டல் கிடைத்தது.

இவ்வளவோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் இந்தப் பக்கத்துச் சபைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வருசா வருசம் ஸ்தோத்திரப் பண்டிகை வரும்போது வீட்டில் விளைந்தது, செய்தது என்று ஆளுக்கொன்று கோயிலுக்குக் கொண்டுபோய்ப் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் போடுவார்கள். வாழைத்தார், கோழி, பூசணிக்காய், பின்னிய கைப்பை. ஒரு எலுமிச்சம்பழத்துக்குப் போட்டி வந்து ஆட்டுக்குட்டி விலைக்குப் போகும். பணம் சபைக்கு. அந்த ருசி கண்டவர்களுக்குக் கையில் எது அழகாகக் கிடைத்தாலும் ஏலம் போடத்தான் தோன்றும்.

குணசீலன் எழுந்தார். "இந்த விசிறியை நாம ஏலம் விடுவோம். பள்ளிக்கூடத்து மேற்கூரைக்கு ஆகும். ஜெபசிங் என்ன சொல்லுதீங்க?"

"தாராளமா அண்ணாச்சி" என்றார் ஜெபசிங். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பது இதுதான்.

"அது எனக்குள்ளதுல்லா" என்றாள் ஜாய்ஸ். தறிச்சத்தத்துக்கு மேலே பாடிய குரல், மைக் இல்லாமலே கொட்டகை முழுக்கக் கேட்டது.

குணசீலன் சிரித்தார். "அப்பம் நீங்களும் கேளுங்க டீச்சர். ஏலத்துக்கு யாரும் வரலாம்."

விளையாட்டு களைகட்டியது. சபையின் செயலாளர் விசிறியைத் தூக்கிப் பிடித்து, "ஒரு தரம்" என்று ஆரம்பித்தார். ஜாய்ஸ் கைப்பையைத் திறந்தாள். காய்கறிக்கும் ஒரு மாதத்துப் பாலுக்கும் வைத்திருந்தது இருந்தது. அதைச் சொன்னாள். பெண்கள் குலவை போடாத குறையாகச் சிரித்தார்கள், பொண்டாட்டி புருசன் அட்டையை ஏலத்தில் எடுக்கிறாள் என்று. அவள் விளையாடவில்லை என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. குணசீலன் அதன் மேல் சொன்னார். இன்னொருத்தர் அதற்கும் மேல் சொன்னார். ஜாய்ஸ் கழுத்துச் செயினைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் ஜெபசிங்கைப் பார்த்தாள். அவர் சட்டைப் பையில் பணம் இருந்தது, நூல் வசூல் பணம், அவளுக்குத் தெரியும். அவர் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தார். அண்ணாச்சி கேட்கிற சாமானுக்கு மேலே விலை சொல்வது மரியாதை இல்லை.

"மூணு தரம்." விசிறி குணசீலன் கைக்குப் போயிற்று. அவர் அதைத் தன் மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மா வியர்வைக்கு அதைக் கொண்டே இரண்டு வீசு வீசிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது வேனில் பாட்டுப் பாடினார்கள். இந்தத் தடவை ஜெபசிங் ஜாய்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி இரண்டு பேரும் நடந்தார்கள். பூ மார்க்கெட் பக்கம் கழித்துப்போட்ட பூவின் வாடை அடித்தது. அவள் தலையில் காலையில் வைத்த பிச்சி கருகியிருந்தது.

"நாப்பது ஓட்டு இன்னைக்கு ஒரு நாள்லயே ஒதுங்கிட்டு" என்றார் ஜெபசிங். "அந்த வரி நல்லா எடுபட்டுச்சு ஜாய்ஸ். நீ எழுதுனா எழுதுனதுதான்."

ஒருவேளை இந்த இருட்டில், ஆள் இல்லாத இந்தத் தெருவில் சொல்வாரோ என்று அப்போதும் அவளுக்கு ஒரு நினைப்பு இருந்தது. மானங்கெட்ட நினைப்புதான். மனசுக்கு மானம் கொஞ்சம் லேட்டாகத்தான் வருகிறது.

தெரு முக்கில் ஜெபசிங் நின்றார். தயங்கினார். ஜாய்ஸும் நின்றாள்.

"ஏட்டி, ஒண்ணு கேக்கணும்னு நினைச்சேன்."

"சொல்லுங்க."

"அம்மாவுக்கு அந்தப் புண்ணு எந்தப் பக்கம் இருந்துச்சு? குணசீலன் அண்ணாச்சி வீட்டு மைனி கேட்டா. எனக்குச் சட்டுனு வாயில வரல. நாளைக்கு நாலு பேரு கேட்டா சொல்லணும்லா."

ஜாய்ஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் அந்த முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"வலது பக்கம்" என்றாள்.

"ஆமா, வலதுதான்" என்றார் ஜெபசிங். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

தேர்தலில் அவர் ஜெயித்தார். இப்போது யார் வீட்டில் வயசானவர்கள் படுக்கையில் விழுந்தாலும் கமிட்டி மெம்பர் என்ற முறையில் பார்க்கப் போகிறார். ஜாய்ஸையும் கூட்டிக்கொண்டு போகிறார். தன் அம்மாவைப் பார்த்துக்கொண்ட கதையைச் சொல்கிறார், தன் வலது இடுப்பைத் தொட்டுக் காட்டி, இந்த இடத்தில்தான், உள்ளங்கை அகலத்துக்கு என்கிறார். கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். ஜாய்ஸ் டீச்சர் பக்கத்திலேயே நிற்கிறாள். திருத்துவதில்லை.